தாய்மாமன் வெளியே நிற்கிறான்

காவலர் குடியிருப்பு,
தென்காசி.
9 மார்ச் 2025

அன்புத் தங்கை முத்துச்செல்விக்கு,

அண்ணன் குற்றாலிங்கம் எழுதுகிறேன். உன் போனில் என் நம்பரைப் பிளாக் பண்ணி வைத்துவிட்டாய். மாப்பிள்ளைக்குப் போட்டால், "அவ உங்க பேரை எடுத்தாலே எந்திச்சுப் போயிருதா மச்சான்" என்று அவர் பாவம் போலச் சொல்கிறார். அதனால்தான் தபால். ஸ்டேஷனுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்துப் பழகிய கை இது. தங்கைக்கு எழுத உட்கார்ந்தால் வரி ஓடமாட்டேன் என்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து, சந்தோஷமாகத்தான் சுந்தரபாண்டியபுரத்துக்கு வண்டியை விட்டேன். பிள்ளை மகிழினிக்கு ஒரு கவுன் வாங்கியிருந்தேன். உன் மாமனார் சொந்தக்காரர்கள் நடுவில் என்னை உட்கார வைத்துப் பேச்சை எடுத்தார். பங்குனி உத்திரத்துக்கு அவர்கள் சாஸ்தா கோயிலில் பேத்திக்கு மொட்டையும் காதுகுத்தும் என்றார். தாய்மாமன் நெற்றியில் பட்டை அடித்து, தலையில் பரிவட்டம் கட்டி, சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் பிள்ளையை மடியில் வாங்க வேண்டும் என்றார். "மடியில வச்சிக்கிடுதேன் மாமா. மத்தது என்னால முடியாது" என்றேன். அவ்வளவுதான் நான் பேசியது.

அடுக்களையிலிருந்து நீ வந்தாய். கவுனைத் தூக்கி என் கையிலேயே திணித்தாய். "எனக்கு அண்ணன் செத்துட்டான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாய். மாமா கூட அதிர்ந்துபோனார்.

முத்து, நான் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குக் கம்மல் செய்ய ஆசாரியிடம் கொடுத்துவிட்டேன். சீர் எல்லாம் குறையில்லாமல் வரும். வீட்டில் வைத்தால் வீட்டுக்கு வருவேன், மண்டபத்தில் வைத்தால் மண்டபத்துக்கு வருவேன். நாள் முழுக்க மடியை விட்டு இறக்கமாட்டேன். ஆனால் நான் ஞானஸ்நானம் எடுத்தவன். வேறு ஒரு சாமி முன்னால் சூடம் ஏற்ற என் கை வராது. இதில் உன்மேல் எனக்கு ஒரு துளி கோபம் இல்லை.

அண்ணன்,
குற்றாலிங்கம்


சுந்தரபாண்டியபுரம்,
15 மார்ச் 2025

அண்ணனுக்கு,

அன்புள்ள என்று போடவில்லை. கோபம் தீர்ந்த பிறகு போடுகிறேன்.

என்மேல் உனக்குக் கோபம் இல்லையாம். பெரிய மனசுதான்! செத்துவிட்டான் என்று சொன்னவளும் நான், கோபப்பட வேண்டியவளும் நான்தான்.

இந்த வீட்டில் நான் எப்படி நடமாடுகிறேன் என்று உனக்குத் தெரியுமா? மூத்த மருமகளுக்கு நாலு அண்ணன் தம்பி. அவள் பிள்ளைக்குக் காது குத்தியபோது மேளத்தோடு வந்து இறங்கினார்கள். எனக்கு இருப்பது நீ ஒருத்தன். நம் ஐயா இருந்தாலாவது அவர் முகத்துக்காக ஊர் வாயை மூடும். இப்போது சூரியகாந்தி பூக்கிற காலம் கூட இல்லை. சினிமாக்காரன் எவனும் படம் பிடிக்க ஊருக்குள் வரவில்லை. அதனால் இந்த ஊருக்குப் பேச இருப்பது நம் கதை மட்டும்தான்.

குழாயடியில் ஒருத்தி, "ஒங்க அண்ணன் அரிசி மூட்டைக்கு மாறிட்டானாம்லா" என்றாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டேன். "எங்க அண்ணன் டூட்டியில ஓசி டீ கூட குடிக்க மாட்டான். அவன் போயி அரிசிக்கு மதம் மாறுவானாக்கும்?" என்று கேட்டேன். உனக்காகத்தான் சண்டை போட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து அழுதேன். நான் இங்கே உனக்காக மல்லுக்கு நிற்கிறேன், நீ எனக்காக ஒரு கால் மணி நேரம் உட்கார மாட்டேன் என்கிறாய்.

அம்மா வந்திருந்தாள். அவளும் நானும் உட்கார்ந்து யோசித்தோம். ஒரு வழி இருக்கிறது. நீ உள்ளே வா, பட்டையைப் போட்டுக்கொள், சூடத்தைக் காட்டு. மனசுக்குள் உன் இயேசுவையே கும்பிட்டுக்கொள். வெளியே வந்ததும் குளத்தில் முகத்தைக் கழுவிவிடு. யாருக்குத் தெரியப்போகிறது? காக்கிச் சட்டைக்குள் எந்தச் சாமி இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

யோசித்துப் பதில் போடு. போனைத் திறக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன்.

முத்துச்செல்வி


தென்காசி,
21 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

குழாயடிச் சண்டையை இரண்டு தடவை வாசித்தேன். அருவியில் டூட்டி. தண்ணீர் இல்லாததால் கூட்டமும் இல்லை. பாறையில் வழிகிற தண்ணீர் குரங்குகளுக்கே காணாது. தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். பழக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று பார்த்தார்.

இப்போது உன் வழிக்கு வருகிறேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியும், முத்து. நான் கும்பிடுகிறவருக்குத் தெரியும். நீ நம்புகிற சாஸ்தா நிஜம் என்றால் அவருக்கும் தெரியத்தானே வேண்டும்? அவர் முன்னால் பொய்யாகச் சூடம் காட்டினால் அது அவருக்கு மரியாதையா? ஐயாவுக்கு ஈரல் போய்விட்டது என்று தெரிந்தபிறகும் வீட்டில் எல்லோரும் மஞ்சள்காமாலை, சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவர் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். நீங்கள் எல்லோரும் என்னை வைதீர்கள். ஐயா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒருத்தனாவது சொன்னியே" என்றார். அதே ஆள்தான் நான். ஆளுக்குத் தக்கபடி நெற்றியை மாற்ற எனக்குத் தெரியாது.

நான் ஏன் மாறினேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. ஊர் சொன்னதைக் கேட்டுக்கொண்டாய். நான் சொல்கிறேன். மூன்று சீசனுக்கு முன்னால் மேலே ஓடைப் பாறையில் வழுக்கி ஒரு கேரளத்துப் பெண்பிள்ளை தண்ணீரோடு போய்விட்டாள். குதித்தேன், கை எட்டவில்லை. உடலைத்தான் எடுத்தேன். ஆம்புலன்ஸில் கூடவே புனலூர் வரை போனேன். அந்தப் பிள்ளையின் தகப்பன் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் ஈரச்சட்டையைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றார். மகளுக்காக அழுதுவிட்டு, "மோனே" என்று என் தலையில் கைவைத்து எனக்காக ஜெபித்தார். காப்பாற்ற முடியாமல் போனவனுக்காக! அந்த மனசு ஒரு மனுஷனுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன்.

ஞானஸ்நானத்தன்று போதகர், "பேரை மாத்திக்கிடுதீங்களா?" என்று கேட்டார். ஐயா வைத்த பேர், அப்படியே இருக்கட்டும் என்றேன். குற்றாலிங்கம் என்றே கூப்பிட்டு முங்க வைத்தார். ஆயுத பூஜைக்கு ஸ்டேஷன் ஜீப்பைக் கழுவி, துப்பாக்கியைத் துடைத்து, தோரணம் வரைக்கும் நான்தான் கட்டுகிறேன். சந்தனம் மட்டும் வைப்பதில்லை. முதல் வருஷம் முனகினார்கள். இப்போது ஏட்டையா என்னைத் தாண்டித் தட்டை நீட்டுகிறார். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் சொந்தத்திலும் சரி, சபையிலும் சரி, திரும்பிப் போய்விட்டார்கள் என்பதும் உனக்குத் தெரியும். இவ்வளவும் கொடுத்துத்தான் இதில் நிற்கிறேன். கால் மணி நேரத்துக்காக இறங்க முடியாது.

குற்றாலிங்கம்


சுந்தரபாண்டியபுரம்,
28 மார்ச் 2025

அண்ணனுக்கு,

அந்தப் பெண்பிள்ளை கதையை நீ சொல்லியிருக்கலாம். நான் கேட்காவிட்டாலும் சொல்லியிருக்கலாம்.

இங்கே நேரம் ஓடிவிட்டது. மாமா முடிவாகச் சொல்லிவிட்டார். "போலீஸ்கார அண்ணன் வந்தா அவன் முறைப்படி உக்காரட்டும். இல்லன்னா ஒங்க பெரியப்பா மகன் மாரிராஜ் உக்காரட்டும். அவனும் மாமன்தானே" என்கிறார். நம் மாரிராஜ் அண்ணனும் சரி என்றுவிட்டானாம்.

மாரிராஜ் நல்லவன்தான். ஆனால் எனக்குப் பேறுகாலத்தில் ரத்தம் வேண்டும் என்றபோது டூட்டியிலிருந்து யூனிபார்மோடு ஓடிவந்து படுத்தவன் அவன் இல்லை. அந்த மடியில்தான் என் பிள்ளை உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. உன் நம்பிக்கைக்கு முன்னால் என் ஆசை சின்னதாகப் போய்விட்டது.

ஆமாம் அல்லது இல்லை. ஒரு வரி எழுது, போதும். மாமா ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுக்கப் போகிறார்.

முத்துச்செல்வி


தென்காசி,
3 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கைக்கு வந்த அன்றே ஃப்ளெக்ஸையும் பார்த்துவிட்டேன். மாமா என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

உங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில், மகிழினிக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு நான். யூனிபார்ம் போட்ட படம். 'தாய்மாமன் குற்றாலிங்கம், காவல்துறை' என்று எழுத்து. நெற்றியில் மூன்று விரல் அகலத்துக்குத் திருநீற்றுப் பட்டை! கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறார்கள். நடுவில் குங்குமம் வேறு. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். முகம் என்னுடையது. நெற்றி என்னுடையது இல்லை.

ஊரே பார்த்துவிட்டால் இனி வராமல் எப்படி இருப்பான் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. நல்ல கணக்குத்தான். அன்று மாலையே சபையிலிருந்து இரண்டு பெரியவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் போனில் படத்தைக் காட்டி, "தம்பி, இது என்ன?" என்றார். லெந்து நோன்பு நாட்களில் என் நெற்றியில் பட்டை! நடந்ததைச் சொன்னேன். ஒருவர் நம்பினார். இன்னொருவர், கோயில் பக்கமே போகாதே, அதுதான் உனக்கு நல்லது என்றார். "என் தங்கச்சி பிள்ளைக்கு எவ்வளவு பக்கத்துல போக முடியுமோ அவ்வளவு பக்கத்துல போவேன் ஐயா. அதுக்கு மேல ஒரு அடி வைக்க மாட்டேன்" என்றேன்.

அனுமதி இல்லாத ஃப்ளெக்ஸ் என்று ஒரு போன் போட்டிருந்தால் கழற்றியிருப்பார்கள். நான் போடவில்லை. கத்தியால் கிழிக்கவும் இல்லை. அதில் பிள்ளையின் படமும் இருக்கிறது.

நீ கேட்ட ஒரு வரி இதுதான்: இல்லை.

ஆனால் உத்திரத்தன்று நான் வருவேன். கோயில் எல்லைக்கு வெளியே குளத்தங்கரையில் ஒரு மருதமரம் நிற்கிறதே, அதன் கீழே நிற்பேன். கம்மல் என் பையில் இருக்கும். மாரிராஜ் மடியில் வைத்தே குத்துங்கள், கம்மலை மட்டும் வந்து வாங்கிக்கொள். உள்ளே வரமாட்டேன். உன் பிள்ளை காது குத்தி முடியும் வரை அங்கிருந்து போகவும் மாட்டேன். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். முத்துச்செல்விக்குப் பிறந்த வீட்டில் ஆள் இருக்கிறது, அது எல்லோருக்கும் தெரிய நிற்கும்.

குற்றாலிங்கம்


தென்காசி,
12 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு,

நேற்று நடந்ததை எனக்குச் சரியாகச் சொல்ல ஆளில்லை. நீதான் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்தது மரத்தடி வரைக்கும்தான்.

காலையிலேயே வந்து நின்றேன். வேன் வேனாக ஆட்கள் இறங்கினார்கள். தெரிந்தவர்கள் எல்லாம், "ஏலே, உள்ள வரலியா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். சிலர் கேட்காமல் சிரித்துக்கொண்டு போனார்கள். மாரிராஜ் புது வேட்டியில் வந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். எனக்கு வலித்தது முத்து. இல்லை என்று சொல்ல மாட்டேன். உறுதியாக நிற்கிறவனுக்கு வலிக்காது என்று யாரோ கதை கட்டிவிட்டிருக்கிறார்கள். மரத்தில் சாய்ந்துகொண்டு, இதைத் தாங்க எனக்குப் பெலன் கொடும் என்று ஜெபித்தேன்.

அப்புறம் உள்ளே மேளம் நின்றது. பேச்சுச் சத்தம் உயர்ந்தது. போலீஸ்காரன் காதுக்குச் சண்டைச் சத்தம் தனியாகத் தெரியும். அதில் உன் குரல் இருந்தது. கால் தானாக இரண்டு எட்டு வைத்துவிட்டது. எல்லைக் கல் பக்கத்தில் நின்றுவிட்டேன். அந்த நிமிஷம்தான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நீ வந்தாய். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மகிழினி உன் இடுப்பில். உனக்குப் பின்னால் பெட்டியோடு ஆசாரி. அவருக்குப் பின்னால் ஜமுக்காளத்தோடு மாப்பிள்ளை. மரத்தடியில் விரித்து, என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாய். "உக்காரு."

உட்கார்ந்தேன். பையிலிருந்த கம்மலை ஆசாரியிடம் கொடுத்தேன். பிள்ளையை மடியில் வைத்தாய். என் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவள், ஊசி இறங்கியதும் என் பெருவிரலைக் கடித்துவிட்டாள். அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். ஆசாரி, "மாமனுக்கும் சேத்துக் குத்திருவமா?" என்று கேட்டார். ஒன்று உன்னிடம் மறைக்க மாட்டேன். அவள் அழுதபோது அவளுக்காக என் ஆண்டவரிடம் மனசுக்குள் ஜெபம் பண்ணினேன்.

சாமிக்குப் படைத்த பொங்கலை மாப்பிள்ளை இலையில் கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். அவர் முகம் சுருங்கவில்லை. போய்த் தண்ணீர் பாட்டில் எடுத்துவந்து கொடுத்தார். மாமா கோயில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் வரவில்லை. அவர் கோபம் தீராமல் உனக்கு அங்கே ஏதாவது கஷ்டமா? அந்த ஒன்றை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை.

இன்னொன்று. வரும்போது பஸ் ஸ்டாப்பைப் பார்த்தேன். ஃப்ளெக்ஸைக் காணோம். யார் எடுத்தது?

குற்றாலிங்கம்


சுந்தரபாண்டியபுரம்,
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பார்த்துக்கொள், போட்டுவிட்டேன்.

இன்று உங்களுக்கு ஈஸ்டர் என்று அம்மா சொன்னாள். வாழ்த்து. உன் நம்பரையும் திறந்துவிட்டேன். ஆனாலும் இதைப் போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

ஃப்ளெக்ஸை எடுக்கச் சொன்னது நான்தான். உன் கடிதத்தை வாசித்த கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பட்டை போட்டு, பொட்டு வைத்து, ஊருக்கெல்லாம் பிடித்த மாதிரி ஒருவன் நின்றான். இப்படி ஒரு அண்ணனைத்தானே நான் கேட்டேன்? பார்த்தால் எனக்கு அவனைத் தெரியவே இல்லை. ஐயாவிடம் உண்மையைச் சொன்னவன் அவன் இல்லை. வீட்டுக்கு வந்து உன் மாப்பிள்ளையிடம், "அது எங்க அண்ணன் இல்ல. எடுத்துருங்க" என்றேன். அவர் விடியற்காலையில் போய்த் தன் கையாலேயே அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்தார். மாமாவிடம், காற்றில் கிழிந்துவிட்டது என்று சொல்லவா என்று கேட்டார். வேண்டாம், இருக்கிறதைச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். மாமா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

உத்திரத்தன்று உள்ளே நடந்தது இதுதான். மாரிராஜ் அண்ணன் பரிவட்டம் கட்டி உட்கார்ந்துவிட்டான். பூசாரி தீபத்தைத் தூக்கிக்கொண்டு, "தாய்மாமன் வந்தாச்சா?" என்று கேட்டார். எல்லோரும் வந்தாச்சு என்றார்கள். பிள்ளையைக் கொடுக்க நானும் குனிந்துவிட்டேன். கை வரவில்லை அண்ணா. நிமிர்ந்து, "வரல. வெளிய நிக்கான்" என்றேன்.

மேளம் அப்போதுதான் நின்றது. மாமா, "ஏம்மா, சாமி முன்னால வச்சு என்ன பேச்சு இது?" என்று சத்தம் போட்டார். "சாமி முன்னாலங்கறதாலதான் மாமா பொய் சொல்ல வரல. எங்க அண்ணன் அவன் சாமிக்குப் பயந்து வெளிய நிக்கான். நான் எஞ் சாமிக்குப் பயந்து உள்ள நிக்கேன்" என்றேன். எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்தது என்று தெரியவில்லை. மாரிராஜ் அண்ணன் தானாகவே பரிவட்டத்தை அவிழ்த்து வைத்தான். "அவன் கல்லு மாதிரி நிக்கையில நான் உக்காந்தா நல்லாவா இருக்கு" என்று எழுந்துவிட்டான். பூசாரிதான் வழி சொன்னார். சாமிக்கு நேர்ந்தது முடி, அதைத் தகப்பன் மடியில் வைத்தே எடுங்கள். காது குத்துவது மாமன் பாடு, அவன் இருக்கிற இடத்தில் வைத்துக் குத்திக்கொள்ளுங்கள் என்றார். மாமா ஒன்றும் பேசவில்லை. அதைத்தான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

நீ ஜெபம் பண்ணியது எனக்குத் தெரியும். உன் உதடு அசைந்ததே! அதே நேரத்தில் நான் எங்கள் சாஸ்தாவை வேண்டிக்கொண்டிருந்தேன். நீ என்னிடம் மறைக்கவில்லை, நானும் உன்னிடம் மறைக்கவில்லை. கணக்குச் சரி.

மாமா என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. நேற்றுத் திடீரென்று, நன்றி சொல்லி ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும், நீயும் வா என்றார். உன் மாப்பிள்ளை மரத்தடியில் எடுத்த படத்தை மாமாதான் தேர்ந்தெடுத்தார். நீ ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுகிற படம். கடைக்காரப் பையன் அதைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, போன தடவ மாதிரி நெத்தியில பட்டை போட்டுரட்டா?" என்று கேட்டான். மாமா சொன்னார்: "ஏலே, அந்த நெத்தியில கை வைக்காத. எம் மருமவளுக்கு அண்ணன் அவன். இருக்க மாதிரியே போடு."

அண்ணா, எனக்கு அந்தக் கடையில் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. குழாயடிக்காரி அங்கே இல்லையே என்றுதான் ஒரே குறை.

இன்று காலை பஸ் ஸ்டாப்பில் கட்டிவிட்டார்கள். வெறும் நெற்றியோடு, மூக்கைச் சிந்துகிற முகத்தோடு, ஊர் பார்க்க நிற்கிறாய். அழகாக இல்லை. ஆனால் நீதான். அடுத்த ஞாயிறு ஆலயம் முடிந்ததும் வா. வண்டியை நிறுத்தி ஒரு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடு. அந்தக் கவுனையும் மறக்காமல் எடுத்துவா. காலையிலேயே உலை வைத்துவிடுவேன். யாருக்கும் படைக்காத சோறு, உனக்கென்று வடித்தது.

உன் தங்கை,
முத்துச்செல்வி